மாலை போடுற படம்

நடுராத்திரி 2 மணிக்கு எனக்குப் போன் வந்தால், எடுக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ போய்விட்டார்கள். படம் ஒன்று வேண்டும்.

"அண்ணாச்சி, அப்பா தவறிட்டாங்க. காலையில ஃபிளெக்ஸ் வைக்கணும். தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கதானே எடுத்தீங்க, அப்பா படம் ஏதாவது இருக்குமா?"

எழுந்து உட்கார்ந்து ஹார்டு டிஸ்க்கை மாட்டி அந்தக் கல்யாணத்தைத் தேடி எடுப்பேன். 4,000 படம் இருக்கும். பெண் இருப்பாள், மாப்பிள்ளை இருப்பார், மேடை அலங்காரம் இருக்கும், ஐஸ்கிரீம் ஸ்டால்கூட இருக்கும். பெண்ணைப் பெற்ற அந்த மனிதரைத்தான் தேட வேண்டியிருக்கும். தாரை வார்க்கும்போது குனிந்த தலை. பந்தியில் யாரையோ கைகாட்டிக் கூப்பிடும் முதுகு. குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசை, அதிலும் முன்னால் நிற்பவர் தோள் அவர் தாடையை மறைக்கும். இருப்பதில் தேறியதை வெட்டி எடுத்து, பின்னால் இருப்பதை அழித்து, பக்கத்தில் நின்றவரின் கையை நீக்கி, விடிவதற்குள் அனுப்பிவைப்பேன். காலையில் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் அந்த முகம் நிற்கும். கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் எங்கேயோ பார்த்தபடி.

மகள் கல்யாணத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதர். அந்தக் கல்யாண நாளில் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ராத்திரிகளில் இதை நினைத்துத்தான் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

தூத்துக்குடியில் இந்தத் தொழிலுக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. ஊர் சுற்றி எடுக்கிற படம், ஆளை உட்கார வைத்து எடுக்கிற படம், காசு வாங்கிக்கொண்டு ஆர்டருக்கு எடுக்கிற படம் என்று மூன்றையும் மூன்று வேலையாகத்தான் ரொம்ப நாள் பார்த்துவந்தேன். மூன்றும் ஒரே வேலைதான் என்று எனக்குப் புரியவைத்தவர் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. அந்தக் கதையை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உப்பளத்து வெளிச்சம்

ஆரம்பத்தில் எனக்குப் பயணப் படங்களின் மேல்தான் ஆசை. பைக்கை எடுத்துக்கொண்டு மணப்பாடு, உவரி, கழுகுமலை என்று போய்க்கொண்டே இருப்பேன். தனுஷ்கோடிக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு வேனில்தான் போக வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். அங்கே இடிந்து நிற்கும் தேவாலயச் சுவருக்கு முன்னால் விடியலுக்காக மணிக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். சுவரும் கடலும் நன்றாக வந்தன. அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுச் சங்கும் பாசியும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் என் படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஆளில்லாமல் இருந்தால்தான் அழிந்த ஊர் மாதிரி இருக்கும் என்று நினைத்த வயது அது.

வீட்டிலிருந்து 15 நிமிஷத் தூரத்தில் இருக்கும் உப்பளத்துக்குக் கடைசியாகத்தான் போனேன். 2013, சித்திரை வெயில்.

உப்பளத்தில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. நான் போனபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில், நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அதற்கு மேல் சும்மாடு வைத்திருந்தார்கள்.

சூரியன் வந்ததும் படபடவென்று 40 படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் எல்லாமே பாழ். உப்பு அழுக்குச் சாம்பலாக இருக்கிறது, முகங்கள் கரிக்கோடாக இருக்கின்றன.

காரணம் எளிதுதான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு உப்பு எது, முகம் எது என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் சராசரியில் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடும். விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரமும் வெள்ளையாகக் கிடந்தால் 'வெளிச்சம் ரொம்ப அதிகம்' என்று நினைத்துக் குறைத்துவிடும். அதில் அடிபடுவது கறுத்த முகம்தான். மானுவலுக்கு மாறி, உப்பைப் பார்த்து மீட்டர் சொன்னதைவிட ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தேன். முகங்கள் வந்தன.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அங்கே வெளிச்சம் கீழேயிருந்தும் வருகிறது. மேலே இருக்கும் சூரியன் சும்மாட்டின் நிழலைக் கண்ணில் போடும். தரையில் கிடக்கும் உப்பு அந்த நிழலுக்குள் வெளிச்சத்தை ஊற்றும். ஷூட்டிங்கில் ஒருவர் தெர்மாகோல் பிடித்து நின்று செய்கிற வேலையை அங்கே தரையே செய்துகொண்டிருந்தது. கன்னத்து எலும்பு, நெற்றிச் சுருக்கம், புருவத்தில் ஒட்டிய உப்புப் பொடி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

படத்துக்கு அழகு தருகிற அந்த வெளிச்சத்தைத்தான் அவர்கள் மழைக்காலம் போக மீதி மாதமெல்லாம் கண்ணில் வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கண் கூசிக் கூசி, ஒரு வயதுக்கு மேல் பார்வை மங்கிவிடுகிறது என்று அவர்களே சொன்னார்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைப் பிறகுதான் தேடிப் படித்தேன். அதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் முதல் நாளே கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்திருப்பேன்.

அன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்காவை மட்டும் நிறைய எடுத்தேன். உப்புச் சுமையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போது ஒரு படம் அருமையாக அமைந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எடுக்குற படத்த எங்க கண்ணுல காட்டுவியா தம்பி?"

"கண்டிப்பாக் கொண்டு வாரேங்க்கா."

அந்தப் படம் சென்னையில் ஒரு கண்காட்சியில் இடம்பிடித்தது. ஒருவர் விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டினார். எனக்கு வேலை கூடியது. கொண்டு வருகிறேன் என்று சொன்னதை மறந்தேபோனேன். நினைவு வந்து பிரிண்டை எடுத்துக்கொண்டு போனபோது ஐப்பசி. மழை கொட்டிப் பாத்தியெல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. ஒரு ஆள் இல்லை. பெயரைக் கேட்டு வைக்கவில்லை, ஊரைக் கேட்டு வைக்கவில்லை. அவர் முகம் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவருக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. வரப்பில் நின்றபடி ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் மாசியில்தான் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிரிண்டைக் கையில் கொடுத்தேன். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"நல்லாத்தான் எடுத்திருக்க. ஆனா இது வேலை செய்யுற படம்லா தம்பி. என் படம் இல்லையே."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ளைக மாலை போட எதக் கொண்டு மாட்டும்? ஆதார் கார்டுல இருக்குறதையா? நல்ல சேலை கட்டி உக்காந்து ஒண்ணு எடுக்கணும். எடுத்துத் தாரியா?"

வாசல்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சிமென்ட் தரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு அறை. நான் குடையும் ஸ்டாண்டும் ஃபிளாஷும் கொண்டுபோயிருந்தேன். எதையும் வண்டியிலிருந்து இறக்கவில்லை. வடக்குப் பார்த்த வாசல். நல்ல படம் எடுக்க அதைவிட வேறு என்ன வேண்டும்?

வடக்கு வாசலில் அந்த மாதத்தில் நேர் வெயில் விழாது. வானத்து வெளிச்சம் மட்டும் வரும், மெதுவாக, அகலமாக. வாசல்படியிலிருந்து இரண்டடி உள்ளே நாற்காலியைப் போட்டு, உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்தேன். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். நிழல் பக்கத்துக்கு அவர் மகனை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். பின்னால் வீட்டு இருட்டு. 85 மில்லிமீட்டர் லென்ஸ். இரண்டு கண்ணும் காதும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் துளையை அகலமாகத் திறக்காமல் எஃப் 4இல் வைத்தேன். கேமரா அவர் கண் மட்டத்தில்.

கறுத்த முகத்தை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னாலிருந்து ஃபிளாஷை அடித்தால் நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வைத்தது போல மின்னும், மீதி தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து பெரிய, மெதுவான வெளிச்சம் வந்தால்தான் கன்னத்தின் வளைவும் தாடையின் கோடும் எழுந்து வரும். அந்தத் தோல் வெளிச்சத்தை வாங்கி, வழுக்கி ஓடவிடும். வெண்கலச் சிலையை வாசலோரம் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அவரைச் சிரிக்க வைக்க ஏதேதோ பேசிப் பார்த்தேன். அவர் கையை அமர்த்திவிட்டார்.

"சிரிக்காமத்தான் எடுக்கணும். வாரவுக கும்பிடும்போது நான் பல்லக் காட்டிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நேராகப் பார்க்க வேண்டும், இரண்டு காதுக் கம்மலும் தெரிய வேண்டும், சேலைக் கரை தெரிய வேண்டும், கை மடியில் இருக்க வேண்டும். எல்லாம் அவர் சொன்னதுதான். நான் கற்றுவைத்திருந்த 'இயல்பான தருணம்' எதுவும் அவருக்கு வேண்டியதாக இல்லை. தன் முகம் தன் பிள்ளைகளுக்கு எப்படி நிலைக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. மொத்தம் 11 படம்தான் எடுத்தேன். ஒன்பதாவதில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் உப்பளமும் இருந்தது, அந்த வீடும் இருந்தது.

இந்த ஒரு படம் எனக்கு வேறொரு படத்தைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. ரமண மகரிஷியின் அந்த மார்பளவுப் படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பெங்களூர் புகைப்படக்காரர் ஜி.ஜி. வெல்லிங் 1946இல் எடுத்தது. வெறும் தோள், வெள்ளைத் தாடி, நேரே நம்மைப் பார்க்கும் கண்கள். எத்தனையோ வீடுகளில் அதற்குத்தான் பூ வைக்கிறார்கள். அலங்காரமான பின்னணியோ தந்திரமான கோணமோ அதில் இல்லை. உட்கார்ந்திருப்பவரும் எடுப்பவரும் ஒருவரை ஒருவர் நம்பி நின்ற ஒரு கணம் இருக்கிறது. பூசைக்குரிய படமாவதும் வீட்டுச் சுவரில் அம்மா படமாவதும் அந்த நம்பிக்கையில்தான்.

குலசையில் கற்றது

அதற்குப் பிறகு ஊர் சுற்றும்போதும் என் பழக்கம் மாறியது. ஒவ்வொரு வருஷமும் குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போவேன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, காளி, ராஜா, போலீஸ், குறவன், பிச்சைக்காரர் என்று விதவிதமாக வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். எங்கே திரும்பினாலும் படம். கேமராவோடு வருகிறவர்களும் ஆயிரக்கணக்கில்.

முதல் இரண்டு வருஷம் நானும் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு கேட்காமல்தான் எடுத்தேன். இப்போது 35 மில்லிமீட்டர் மட்டும். அந்த லென்ஸில் முகம் நிறைய வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும். பேசாமல் அவ்வளவு பக்கத்தில் நிற்க முடியாது. விரதம் இருந்து வேஷம் கட்டியவர் அந்த நேரத்தில் நேர்ச்சையில் இருக்கிறார். அவருக்கு அது பக்தி. அவர் டீ குடிக்கும் வரை காத்திருந்து, "எடுக்கட்டுமா?" என்று கேட்டு, எடுத்த பின் போன் நம்பர் வாங்கி, அன்று ராத்திரியே அனுப்பிவிடுவேன்.

ஒருமுறை காளி வேஷம் கட்டிய ஒரு தம்பியை எடுத்தேன். ஜடாமுடி, எட்டுக் கை, கோரைப்பல், இடுப்புவரை சிவப்பும் கறுப்பும். அவன் கேட்டான்: "அண்ணே, வேஷம் கலைச்ச பெறகும் ஒண்ணு எடுப்பீங்களா? எங்கம்மாவுக்காகத்தான் நேந்துக்கிட்டேன். அம்மாட்ட ரெண்டையும் காட்டணும்." சூரசம்ஹாரம் முடிந்து கடலில் குளித்துவிட்டு வந்தான். காதோரம் இன்னும் சாயம் ஒட்டியிருந்தது. டீக்கடை டியூப்லைட்டில் நிற்க வைத்து எடுத்தேன். கண்காட்சிக்கு அனுப்பினால் காளியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவன் அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் மகன்.

ஆர்டர் என்பது

காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் கலை போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊரைப் பற்றிய மிகப் பழைய நல்ல புகைப்படங்களே ஆர்டருக்கு எடுத்தவைதான். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை 1856இல் மெட்ராஸ் அரசாங்கம் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் அவர் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி, மெழுகு ஏற்றிய காகித நெகடிவில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். அந்த வெயிலில், அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு அவர் காட்டிய பொறுமையை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். பிறகு செலவு கட்டுப்படியாகாது என்று அரசாங்கம் அந்த வேலையையே நிறுத்திவிட்டது.

ட்ரைப்பின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது ஒன்றைத் தேடும். தூண் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது. மனிதர்கள் அபூர்வம். ஒரு படம் பதிய அன்று எடுத்துக்கொண்ட நேரத்துக்கு நடமாடுகிறவர்கள் பதியவும் மாட்டார்கள். அவருக்குச் சொல்லப்பட்ட வேலையும் கட்டடங்கள்தான். ஆர்டர் என்பது எதைக் காட்டு என்று மட்டும் சொல்வதில்லை. எதை விட்டுவிடலாம் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. கல்யாண ஆர்டரில் அப்பா படம் விடுபட்டதும் அப்படித்தான். 'கேண்டிட்' என்றால் பெண், மாப்பிள்ளை. 'டிரடிஷனல்' என்றால் மேடையில் வரிசையாக வந்து கவர் கொடுப்பவர்கள். நாற்காலி எண்ணிப் போட்டு, சமையல்காரரோடு மல்லுக்கட்டி, வியர்வையோடு ஓடிக்கொண்டிருப்பவர் இரண்டிலும் வருவதில்லை.

இப்போது நான் அட்வான்ஸ் வாங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது அரை மணி நேரம் எனக்கு வேண்டும். மண்டபத்தில் எங்கே வாசல் வெளிச்சம் நன்றாக இருக்கிறதோ அங்கே ஒரு நாற்காலி போட்டுவிடுவேன். மேடை விளக்கு இதற்கு உதவாது. அங்கே எல்.இ.டி. விளக்குகள் முகத்தில் ஊதாவையும் ரோஸையும் அடிக்கும். மின்சாரத்தின் துடிப்புக்கேற்ப மினுக்கும் விளக்காக இருந்தால் ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்குக்கு வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும். வாசலில் அந்தத் தொல்லை கிடையாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுப்பேன். ஆளுக்கு 2 நிமிஷம். இதற்குத் தனிக் காசு இல்லை. ஒரு வாரத்தில் பிரிண்ட் போய்விடும்.

கறுப்பட்டியும் கல்யாணப் பெண்ணும்

கடைசியாக, நிறத்தைப் பற்றி. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

ஒரே வாரத்தில் இரண்டு ஆர்டர் வந்தது. ஒன்று உடன்குடிப் பக்கம் கறுப்பட்டி காய்ச்சி விற்கும் ஒரு பெரியவருடையது. இன்னொன்று ஒரு கல்யாணம்.

கறுப்பட்டியை எடுப்பது உப்பளத்துக்கு நேர் எதிர். கறுத்த பொருள் படத்தை நிறைத்தால் மீட்டர் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பட்டி வெளுத்துப்போகும். நான் சோதனைக்கு எடுத்த முதல் படம் அப்படித்தான் வந்தது. லேப்டாப்பில் பார்த்த பெரியவர் பதறிவிட்டார்.

"இது என்ன தம்பி, வெளுத்துக் கெடக்கு? பாக்குறவன் சீனி கலந்துட்டான்னு சொல்லிருவான். என் சரக்கு நெறம் எதுவோ அதுதான் வரணும்."

இரண்டு நாள் கழித்துக் கல்யாண ஆல்பம். பெண் நல்ல கறுப்பு. வாசல் வெளிச்சத்தில் அவளை எடுத்த படங்கள் எனக்கே பெருமையாக இருந்தன. டிசைனுக்கு முன் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்: "எல்லாம் நல்லாருக்கு. பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கலர் ஏத்திருங்க. அப்படியே அம்மாவுக்கும்." பெண்ணின் அம்மா அங்கேயே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஏற்றிக்கொடுத்தேன். பேலன்ஸ் வர வேண்டியிருந்தது, சண்டை போட மனமில்லை. ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் போதும். கறுப்பட்டிக்காரர் தன் சரக்குக்காகக் கேட்ட நியாயத்தை அந்தப் பெண்ணுக்காக யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இந்தப் பழக்கம் நம்மோடு மட்டும் தொடங்கியதில்லை. கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு அளவுப் படம் அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு உட்கார்ந்தவரின் பெயரால் அதை 'ஷர்லி கார்டு' என்பார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். கறுத்த தோலின் நுணுக்கங்கள் பதியாமல் போனது பல வருஷம் யாரையும் உறுத்தவில்லை. மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருளின் கரும்பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் சொன்னது, பிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணம் என்று இந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று கறுப்பட்டிப் பெரியவர் முகம்தான் என் கண்முன் வந்தது. பொருளின் நிறத்துக்காகப் பேச ஆள் இருந்தது. இன்றைய போன் கேமராக்களில் பலவும் நம்மைக் கேட்காமலேயே தோலை வழித்து வெளுத்துவிடுகின்றன.

அந்தக் கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் போன். அந்தப் பெண்தான் பேசினாள். அம்மா போய்விட்டார். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள்.

"அண்ணா, பாக்கப் பாக்க யாரோ மாதிரி இருக்கு. இது எங்கம்மா இல்ல. அம்மாவோட கலர்ல ஒரு படம் இருக்குமா உங்ககிட்ட?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கேமராவில் நான் எப்போதும் ரா ஃபைலாகத்தான் பதிவேன். சென்சார் வாங்கிய வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. அதற்கு மேல் நாம் செய்கிற வெளுப்பு, மினுப்பு எதுவும் அடியில் இருப்பதைத் தொடாது. கல்யாணக் கோப்புகளை நான் அழிப்பதில்லை. தேடி எடுத்தேன். பந்தியோரம் ஜன்னலுக்குப் பக்கத்தில், மகளைப் பார்த்தபடி அந்த அம்மா நின்றிருந்தார். ஏற்றிய கலரை நீக்கினேன். கறுத்த, களைத்த, நிறைந்த முகம். நெற்றியில் குங்குமம் அந்தக் கறுப்பில்தான் அப்படிச் சிவப்பாக இருந்தது. பிரிண்ட் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் விரலால் கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் அழுதாள்.

அன்றிலிருந்து கலர் ஏற்றுவதில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். நிழலைத் தூக்குவேன், வியர்வையைத் துடைப்பேன், பருவை எடுக்கச் சொன்னால் எடுப்பேன். நிறத்தைத் தொட மாட்டேன். இதனால் சில ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கையில் இருக்கும் போனே போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆச்சியையோ தாத்தாவையோ வாசல்படிக்கு இரண்டடி உள்ளே உட்கார வையுங்கள். அழகூட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். எப்படி எடுக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். போன் தொலையும், பிரிண்ட் பெட்டிக்குள் இருக்கும்.

உப்பளத்து அக்கா நலமாக இருக்கிறார். போன மாசம் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குள் கூப்பிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டுச்சேலை மடிப்புக்குள், பழைய நாள்காட்டித் தாளில் சுற்றி, அந்தப் படம். சட்டம் போட்டு, மாட்டுவதற்கு ஆணியும் கயிறும்கூடச் சேர்த்து வைத்திருக்கிறார். வேலை செய்யும் படம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

"அத ஏங்க்கா உள்ளயே வச்சிருக்கீக?" என்றேன்.

சேலையைத் திரும்ப மடித்து மேலே வைத்துப் பெட்டியை மூடினார்.

"அதுக்கு இன்னும் வேலை வரல தம்பி. உக்காரு, காப்பி போடுதேன்."